குளத்து நீர் நுண்ணுயிர்களைக் கொல்லாமல் மெதுவாக்கிப் படமெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

நுண்ணோக்கியில் 40 மடங்கு லென்ஸைத் திருப்பினால் கண்ணுக்குத் தெரியும் வட்டம் அரை மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது. குளத்து நீரில் வாழும் ஒற்றைச் செல் உயிரியான பாரமீசியம் ஒரு நொடியில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீந்திவிடும். இந்த ஓரத்தில் நுழைந்தது அரை நொடிக்குள் அந்த ஓரத்தில் வெளியே போய்விடும். அதற்குள் ஸ்லைடை நகர்த்தி, ஃபோகஸ் பிடித்து, கேமரா பட்டனையும் அழுத்தியாக வேண்டும். போதாததற்கு அது நேராகவும் போகாது. உடம்பைத் திருகிக்கொண்டே மேலும் கீழுமாகப் போகும். அந்த லென்ஸில் தெளிவாகத் தெரியும் ஆழமோ ஒன்றிரண்டு மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்).

இந்த இடத்தில் எல்லாரும் கேட்கிற கேள்வி, "என்ன மருந்து போட்டால் நிற்கும்?" என்பது. மருந்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்வது. முதலில் அது ஓடுவதற்கான இடத்தைக் குறையுங்கள். அதிலும் அடங்காவிட்டால் நீரைக் கெட்டியாக்குங்கள். மயக்குவதெல்லாம் அதற்கும் அப்புறம், அதுவும் ஒருசில உயிரிகளுக்கு மட்டும். விஷத்தால் நின்ற உயிரி சில நிமிடங்களில் வீங்கி, வடிவம் கெட்டு, உடைந்துவிடும். அந்தப் படத்தில் இருப்பது சாகிற உடல். நமக்கு வேண்டியது வாழ்கிற உடல்.

எவ்வளவு மெதுவானால் போதும்?

தேவைக்கு மேல் மெதுவாக்கிவிடுகிறவர்கள்தான் அதிகம். அதனால் ஒரு சின்னக் கணக்கு. ஒளியைச் சேர்க்கும் திறனைக் காட்டும் எண் 0.65 என்று எழுதியிருக்கும் 40 மடங்கு லென்ஸ் பிரித்துக் காட்டும் மிகச் சிறிய அளவு சுமார் அரை மைக்ரான். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் உயிரி அதற்கு மேல் நகர்ந்தால் படம் கலங்கும். நொடிக்கு 1000 மைக்ரான் ஓடுவதை அப்படியே பிடிக்க 1/2000 நொடி ஷட்டர் வேண்டும். சாதாரண எல்இடி விளக்கில் அந்த வேகத்துக்குப் போனால் ஐஎஸ்ஓவை ஏகத்துக்கு ஏற்ற வேண்டியிருக்கும், படம் முழுக்கப் பொரிப்பொரியாகிவிடும். அதே உயிரியை நொடிக்கு 50 மைக்ரானுக்குக் கொண்டுவந்தால் 1/100 நொடியே போதும். இருபதில் ஒரு பங்கு வேகம், அவ்வளவுதான் இலக்கு. அசையாமல் கட்டிப்போட வேண்டிய அவசியமே இல்லை.

10 மடங்கு லென்ஸுக்கு இன்னும் சலுகை உண்டு. அது பிரித்துக் காட்டுவது ஒன்றேகால் மைக்ரான் அளவுக்குத்தான், தெளிவாகத் தெரியும் ஆழமும் 8, 9 மைக்ரான் இருக்கும். மனு பிரகாஷும் அவருடைய ஸ்டான்ஃபோர்ட் குழுவும் 2014இல் வெளியிட்ட ஃபோல்ட்ஸ்கோப் காகித நுண்ணோக்கியை வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அதன் 140 மடங்கு லென்ஸ் காட்டுவது 2 மைக்ரான் வரை என்பதால், லேசாக அடக்கினாலே போதிய படம் கிடைக்கும்.

நீரைக் கொண்டுவந்து வைப்பது

குளத்தின் நடுவில் தெளிந்த நீரை மொண்டு வந்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். நுண்ணுயிர்கள் எதையாவது ஒட்டித்தான் அடர்த்தியாக இருக்கும். ஆகாயத்தாமரையின் வேர், ஹைட்ரில்லாவின் இலை, படித்துறைக் கல்லின் வழவழப்பு, அழுகத் தொடங்கிய இலை, இவற்றில் தேடுங்கள். ஒரு கொத்து வேரை வாயகன்ற பாட்டிலுக்குள் விட்டு நன்றாக அலசினால், அந்த ஒரு பாட்டில் ஒரு வாரத்துக்குத் தாங்கும்.

பாட்டிலை முக்கால் வரைதான் நிரப்ப வேண்டும். மூடியை இறுக்கினால் காற்றில்லாமல் செத்துவிடும். திறந்தே வைத்தால் கொசு முட்டையிடும், ஒரு வாரத்தில் வீட்டுக்குள் கொசு பறக்கும். மெல்லிய துணியை வாயில் கட்டி ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள். வெயில் நேராகப் படாத ஜன்னலோரம் நல்ல இடம்.

இன்னொரு பாட்டிலில் அதே குளத்து நீரைக் காபி வடிகட்டும் காகிதத்தில் வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லைடில் நீர் குறையும்போது சேர்க்க இதுதான் வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஒரு சொட்டே போதும், ஸ்லைடில் எல்லாம் முடிந்துவிடும்.

முதல் வழி: நீர்ப் படலத்தை மெலிதாக்குவது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் செய்து பார்ப்பீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள். செலவு இல்லை, ரசாயனம் இல்லை, பின்னணி சுத்தமாக வரும். எல்லா உயிரியும் ஒரே தளத்துக்கு வந்துவிடுவதால் ஃபோகஸ் பிரச்சினையும் கூடவே தீர்ந்துவிடும்.

டிராப்பரிலிருந்து விழும் ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லி. அதன் மேல் 22 மில்லிமீட்டர் சதுரக் கவர் ஸ்லிப்பை, அதாவது சொட்டை மூடும் மெல்லிய கண்ணாடியை, வைத்தால் நீர் பரவி 100 மைக்ரான் தடிமனுக்கு நிற்கும். கடையில் அதிகம் கிடைக்கிற 18 மில்லிமீட்டர் கவர் ஸ்லிப் என்றால் 150 மைக்ரான். பாரமீசியத்தின் குறுக்களவு 50 மைக்ரான் போலத்தான். ஆகவே ஒரு முழுச் சொட்டில் அது குட்டிக்கரணமே போடலாம். நமக்கு வேண்டியது 40 மைக்ரான் படலம், அதாவது 22 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு 0.02 மில்லி நீர். ஊசி மாட்டாத 1 மில்லி சிரிஞ்சில் 0.01 மில்லிக்கு ஒரு கோடு இருக்கும். இரண்டு கோடு அளவு அழுத்தி, நுனியைக் கண்ணாடியில் தொட்டு எடுத்தால் அந்த அளவு நீர் ஒட்டிக்கொள்ளும்.

அளந்து வைப்பதைவிட எனக்குப் பிடித்தது, கொஞ்சம் அதிகமாகவே நீர் வைத்துவிட்டு, பார்த்துக்கொண்டே உறிஞ்சுவது. அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

ஸ்லைடையும் கவர் ஸ்லிப்பையும் நன்றாகத் துடையுங்கள். ஒரு மணல் துகள் நடுவில் மாட்டினாலும் கண்ணாடி இறங்காது. சொட்டை வைத்து, கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பை நீரில் தொட்டுச் சாய்வாக இறக்குங்கள், காற்றுக்குமிழி மாட்டாது. ஸ்லைடை மேடையில் வைத்து 10 மடங்கு லென்ஸில் ஒரு பாரமீசியத்தைக் கண்டுபிடியுங்கள். இப்போது டிஷ்யூ பேப்பரைக் கூர்மையாக முறுக்கி, அதன் நுனியைக் கவர் ஸ்லிப்பின் ஓரத்தில் ஒரு நொடி மட்டும் தொட்டு எடுங்கள். கண் ஐபீஸில் இருக்கட்டும். வட்டத்துக்குள் எல்லாம் ஒரு பக்கமாக இழுபட்டுப் பின் நிற்கும். மறுபடி ஒரு தொடுதல். மறுபடி.

இந்த நேரத்தில் உள்ளே நடப்பதைக் கவனியுங்கள். முதலில் பாரமீசியம் திருகிக்கொண்டே சுற்றும். படலம் மெலிய மெலியத் திருகல் குறையும், முதுகு கண்ணாடியில் உரசத் தொடங்கும். திரும்ப முயன்று, பின்வாங்கி, வேறு பக்கம் தலையை விடும். இன்னும் ஒன்றிரண்டு தொடுதலில் ஒரே இடத்தில் மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும். உடம்பு சற்றே பரந்து, அதுவரை மங்கலாக இருந்த உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகத் தெளியும். உணவுக் குமிழிகள் வரிசையாக நகர்வது தெரியும். உடம்பின் இரு முனைப் பக்கமும் ஒவ்வொரு சுருங்கும் நுண்குமிழி. அதைச் சுற்றிக் கதிர் கதிராகக் கால்வாய்கள் நிரம்பி, நடுவில் வட்டம் பருத்து, சட்டென்று மறையும். இங்கே நிறுத்திவிட வேண்டும். இதுதான் படமெடுக்கும் நேரம்.

அந்த நுண்குமிழிதான் நமக்கு நாடி. உடம்புக்குள் புகும் அதிகப்படி நீரை வெளியேற்றுவது அதன் வேலை, நல்ல நிலையில் சில நொடிகளுக்கு ஒருமுறை சுருங்கும். இடைவெளி நீண்டுகொண்டே போனாலோ, குமிழி பெருத்துச் சுருங்காமல் நின்றாலோ உயிரி திணறுகிறது என்று பொருள். உடம்பின் ஓரத்தில் தெளிவான கொப்புளம் தோன்றினால் இன்னும் மோசம். உடம்பைச் சுற்றி மெல்லிய ஊசிகள் சிதறிக் கிடப்பது தெரிந்தால், அவை தற்காப்புக்காக அது எய்த ட்ரைக்கோசிஸ்ட்டுகள், அழுத்தம் அளவு மீறிவிட்டது. உடனே வடிகட்டிய குளத்து நீரில் ஒரு துளியைக் கவர் ஸ்லிப்பின் ஓரத்தில் வையுங்கள். தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும், கண்ணாடி மேலே எழும். கொப்புளம் வராதவரை பெரும்பாலும் மீண்டுவிடும்.

நம் ஊர் வெப்பத்தில் ஒன்றை மறக்கக் கூடாது. நீங்கள் உறிஞ்சாவிட்டாலும் காற்று உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கிறது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் மெல்லிய படலம் சில நிமிடங்களில் ஓரத்திலிருந்து காயத் தொடங்கும். விசிறியை நிறுத்துங்கள், அல்லது அடுத்த முறைக்குப் போங்கள்.

வாஸ்லின் கால்கள்

விரல் நுனியில் துளி வாஸ்லின் எடுத்து, கவர் ஸ்லிப்பின் நான்கு மூலையையும் அதில் லேசாக வழித்தெடுங்கள். நான்கு குட்டிக் கால்கள் கிடைத்துவிடும். நீரின் மேல் வைத்துவிட்டு, பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு மூலையாக மெல்ல அழுத்தினால் கண்ணாடி இறங்கும். அழுத்திய இடத்தில் நிற்கும், தானாக மேலும் இறங்காது. நீரை உறிஞ்சும் முறையைவிடக் கட்டுப்பாடு அதிகம். ரோட்டிஃபர் (தலையில் சக்கரம் போலச் சுழலும் இழைகள் கொண்ட பல செல் உயிரி) போன்ற பெரிய உயிரிகளுக்கு இதுதான் சரி.

நான்கு ஓரத்திலும் வாஸ்லின் கோடு இழுத்து மூடிவிட்டால் காய்வதும் நின்றுவிடும். ஒரு ஓரத்தில் சின்ன இடைவெளியும் உள்ளே ஒரு காற்றுக்குமிழியும் விட்டால் மணிக்கணக்கில் உயிரோடு வைத்துப் பார்க்கலாம். வாஸ்லின் இல்லாதபோது இரண்டு தலைமுடியைக் கவர் ஸ்லிப்பின் இரு ஓரத்திலும் கிடத்தலாம். மனித முடி 50 முதல் 100 மைக்ரான் தடிமன் இருக்கும், பாரமீசியம் போல மயிர் போன்ற குறுஇழைகளால் நீந்தும் உயிரிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த இடைவெளி பொருந்தும்.

வேலி போடுவது

பஞ்சிலிருந்து நான்கைந்து இழைகளை மட்டும் பிரித்து ஸ்லைடில் பரப்பி, அதன் மேல் சொட்டை வைப்பது பள்ளிக்கூட முறை. இழைகளுக்கு நடுவே உயிரி மாட்டிக்கொள்ளும். வேலை செய்யும், ஆனால் பின்னணி கறுப்பாகத் தெரியும்படி ஒளி விடும் கரும்புல முறையில் பஞ்சு இழை பளீரென்று மின்னிப் படத்தையே கெடுத்துவிடும். அதே குளத்தின் ஸ்பைரோகைரா பாசியில் சில இழைகளைப் போடுங்கள். வேலியும் ஆயிற்று, பச்சைச் சுருளோடு படமும் அழகாக வரும், அந்த உயிரி வாழும் இடமும் அதுதான்.

இதைவிட எளிதான ஒன்றும் இருக்கிறது: சாப்பாடு. அழுகிய இலையின் ஒரு துணுக்கை ஸ்லைடில் சேர்த்துவிட்டால் அதைச் சுற்றிப் பாக்டீரியா பெருகும். பாரமீசியம் அங்கே வந்து, அந்தக் குப்பையில் உடம்பைச் சாய்த்து, அசையாமல் நின்று மேயும். இதற்கு அவசரப்படாதவர்களாக இருக்க வேண்டும். டிபன் பாக்ஸில் ஈர டிஷ்யூவை விரித்து, இரண்டு தீக்குச்சி மேல் ஸ்லைடை வைத்து மூடி, ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். எந்தத் தலையீடும் இல்லாமல் கிடைக்கிற படங்களில் இவைதான் எனக்கு மிகவும் பிடித்தவை.

நீரைக் கெட்டியாக்குவது: மீத்தைல் செல்லுலோஸ்

இடத்தைக் குறைத்தும் பிடிபடாதவற்றுக்கும், நசுக்காமல் முழு வடிவத்தில் படம் வேண்டும் என்பவர்களுக்கும் இது. மரக்கூழின் செல்லுலோஸிலிருந்து செய்யும் வெள்ளைப் பொடி. நீரில் கரைந்தால் வழவழவென்று கெட்டியாகும். மூலக்கூறு மிகப் பெரியது என்பதால் உயிரியின் உடம்புக்குள் புகாது, உப்பைப் போல உள்ளேயிருந்து நீரை இழுக்கவும் செய்யாது. விஷமில்லாமல் வெறும் தடையாக மட்டும் இருக்கும்.

ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையில் கேட்டால் 400, 1500, 4000 என்று ஏதாவது ஓர் எண்ணோடு தருவார்கள். அதன் 2 சதவீதக் கரைசல் எவ்வளவு பிசுபிசுப்பாக இருக்கும் என்பதன் அளவு அது, சாதாரண நீருக்கு அந்த எண் 1. 1500 அல்லது 4000 வாங்கினால் 2 சதவீதம் போதும், 400 என்றால் 3 சதவீதம் வரை போகலாம்.

கரைப்பதில்தான் பலர் தோற்றுப்போகிறார்கள், காரணம் இந்தப் பொடியின் குணம் நாம் பழகியதற்கு நேர் எதிர். சூடான நீரில் கரையாது, குளிர்ந்த நீரில்தான் கரையும். ஆனால் குளிர்ந்த நீரில் நேராகக் கொட்டினால் வெளியே மட்டும் கரைந்து, உள்ளே உலர்ந்த பொடியோடு கட்டி கட்டியாக நின்றுவிடும். அதனால் இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டும்.

1. வடிகட்டிய குளத்து நீர் 100 மில்லியைக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். அதில் பாதியை ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிரவையுங்கள்.
2. மீதிப் பாதியை 80 டிகிரிக்கு, ஆவி நன்றாகப் பறக்கும் அளவுக்கு, மறுபடி சூடாக்குங்கள்.
3. 2 கிராம் பொடியை அதில் தூவித் தூவிக் கலக்குங்கள். கரையாது, பால் போல வெள்ளையாக மிதக்கும். எல்லாத் துகளும் நனைந்தால் போதும்.
4. குளிர்ந்த பாதியை ஊற்றிக் கலக்குங்கள். சில நிமிடங்களில் கெட்டியாவது கையில் தெரியும்.
5. மூடி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் குமிழிகள் வெளியேறி, கெட்டித் தேன் பதத்தில் கண்ணாடியாகத் தெளிந்திருக்கும்.

சின்னச் சின்ன டிராப்பர் பாட்டில்களில் பிரித்து ஃபிரிட்ஜிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கலங்கினாலோ பூஞ்சை கண்டாலோ கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்வதுதான் நல்லது.

இனி ஸ்லைடுக்கு. பாதிக்குப் பாதி கலந்து விடச் சொல்பவர்கள் உண்டு, நான் அப்படிச் செய்வதில்லை. பல்குத்தும் குச்சியில் கரைசலைத் தொட்டு, ஸ்லைடில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய வளையமாக வரையுங்கள். வளையத்தின் நடுவில் குளத்து நீரைச் சிறு சொட்டாக வைத்து, மேலே கவர் ஸ்லிப்பை இறக்குங்கள். நடுவில் நீர்மையாகவும், ஓரத்துக்குப் போகப் போகக் கெட்டியாகவும் இருக்கும். நடுவில் வேகமாக ஓடுபவை ஓரத்தை நெருங்கும்போது தாமே மெதுவாகும். வேண்டிய வேகம் எந்த வட்டாரத்தில் இருக்கிறதோ அங்கே லென்ஸைக் கொண்டுபோய்க் காத்திருந்தால் போதும். வேகத்தை அளந்து கலக்கும் வேலையே இல்லை.

கெட்டியான பகுதியில் பாரமீசியத்தைப் பார்த்தால் ஒரு கூடுதல் பரிசு கிடைக்கும். சாதாரண நீரில் அதன் குறுஇழைகள் நொடிக்குப் பல முறை அடிப்பதால் ஓரத்தில் ஒரு மினுமினுப்பு மட்டும்தான் தெரியும். இங்கே அடி மெதுவாகி, உடல் முழுக்க அலை அலையாக ஓடுவதைத் தனித்தனி வரிசையாகக் காணலாம். ஒளியைச் சற்று ஓரமாகச் சாய்த்துவிட்டால் படத்திலும் வரும். சரியாகக் கலக்காத இடங்களில் பின்னணியில் கோடு கோடாக நெளிவு தெரிவதுதான் இதன் ஒரே குறை. கவர் ஸ்லிப் போட்டபின் ஓரிரு நிமிடம் விட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பொடி கிடைக்காதவர்கள் கேக் அலங்காரப் பொருள் விற்கும் கடையில் சிஎம்சி பவுடர் கேட்கலாம். அதுவும் செல்லுலோஸ் குடும்பம்தான், 1 சதவீதக் கரைசல் நன்றாக வேலை செய்யும். பழைய தலைமுறை நுண்ணோக்கியாளர்கள் க்வின்ஸ் பழ விதையை ஊறவைத்து வரும் கூழைப் பயன்படுத்தினார்கள். நம் சப்ஜா விதையின் வழவழப்பும் அதே வகை, ஆனால் நார்த்துணுக்கும் மாவுத் துகளும் கூடவே வரும். படத்துக்கு ஆகாது, பார்ப்பதற்கு மட்டும் ஆகும். கண் வறட்சிக்கான சொட்டு மருந்தில் இதே செல்லுலோஸ் இருக்கிறதே என்று கேட்பார்கள். அது நம் கண்ணீரின் உப்பு அளவுக்குச் செய்தது. குளத்து நீரில் உப்பு அதைவிடப் பல மடங்கு குறைவு என்பதால் உயிரி சுருங்கிப்போகும். கெடாமல் இருக்கச் சேர்க்கும் மருந்து வேறு இருக்கும். வேண்டாம்.

குளிரவைப்பதும் உறையவைப்பதும்

வெப்பம் 10 டிகிரி குறைந்தால் இவற்றின் வேகம் பொதுவாகப் பாதியளவுக்குக் குறையும். பாட்டிலை ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் அரை மணி நேரம் வைத்து எடுக்கலாம். ஆனால் மெல்லிய நீர்ப் படலம் 32 டிகிரி அறையில் சூடாக ஒரு நிமிடம்கூட ஆகாது. கடலோர ஊர்களில் குளிர்ந்த கண்ணாடியில் பனித்துவிடும். நீர் அதிகமாக நிற்கும் குழி ஸ்லைடில் டாஃப்னியா, சைக்ளாப்ஸ் போன்ற குட்டி ஓட்டுடலிகளைப் பார்ப்பதற்குத்தான் இது உதவும். பழைய ஹாலஜன் விளக்கு வைத்த நுண்ணோக்கி என்றால் எதிர்த் திசையில் பிரச்சினை. விளக்கின் சூடே உயிரியை வேகப்படுத்தி, பிறகு கொன்றுவிடும். எல்இடிக்கு மாறிவிடுங்கள்.

கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரோஸின் கூழில் உயிரியைப் பதிப்பது ஆய்வகங்களில் உண்டு. குறைந்த வெப்பத்தில் உருகும் வகை 26 முதல் 30 டிகிரிக்குள்தான் உறையும் என்பதால் கோடையில் நம் அறையில் உறையவே உறையாது, ஏசியோ ஃபிரிட்ஜோ வேண்டும். கடையில் கிடைக்கும் சைனா கிராஸ் உறைவதற்கு முன்பு திரவமாக இருக்கும் வெப்பத்தை இந்த உயிரிகள் தாங்காது. வீட்டில் செய்பவர்களுக்கு நான் இரண்டையும் சொல்ல மாட்டேன்.

மயக்குவது

குறுஇழை ஒற்றைச் செல் உயிரிகளுக்கு மயக்க மருந்து தேவையே இல்லை. நிக்கல் சல்ஃபேட் குறுஇழைகளை நிறுத்தும் என்று எங்காவது படித்திருப்பீர்கள். நிக்கல் சேர்மங்கள் புற்றுநோய் உண்டாக்குபவை, வீட்டு மேசைக்கு அது வேண்டாம். அயோடினும் ஃபார்மலினும் கொல்வதற்கு, மெதுவாக்குவதற்கு அல்ல.

பல செல் உயிரிகளின் கதை வேறு. அவற்றுக்குத் தசையும் நரம்பும் உண்டு, தொட்டால் உள்ளிழுத்துக்கொள்ளும். டாஃப்னியாவுக்கும் ரோட்டிஃபருக்கும் சாதா சோடா போதும், இனிப்போ எலுமிச்சையோ உப்போ சேராததாக இருக்க வேண்டும். அதிலுள்ள கரியமில வாயு மயக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் உயிரி இருக்கும் நீருக்குள் சோடாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அசைவு தளரும்போது நிறுத்துங்கள். முடிந்ததும் புது நீருக்கு மாற்றினால் தெளிந்துவிடும். ஹைட்ராவுக்கு எப்சம் உப்பின் 1 சதவீதக் கரைசலை மெல்ல மெல்லச் சேர்ப்பதும், நீரின் மேல் மென்தால் படிகம் ஒன்றை மிதக்க விடுவதும் பழைய வழிகள். அவசரப்பட்டு ஒரேயடியாக ஊற்றினால் உணர்கொம்புகளைச் சுருக்கிக்கொண்டு அப்படியே இறுகிவிடும்.

எந்த உயிரிக்கு எது

அமீபா, வோர்ட்டிசெல்லா, டயாட்டம், இவற்றை மெதுவாக்கவே வேண்டாம். அமீபாவை அழுத்தினால் போலிக்கால்களை இழுத்துக்கொண்டு உருண்டையாகிவிடும், நீரைத் தாராளமாக விட்டுக் காத்திருங்கள். வோர்ட்டிசெல்லா காம்பில் நின்றபடியே இருக்கும், மேசையைத் தட்டினால் காம்பு கண்ணிமைப்பதற்குள் சுருளாகிவிடும். ஷட்டரைத் தொடாமல் இயர்போன் பட்டனாலோ டைமராலோ படமெடுங்கள்.

ஸ்டென்டர் பெரியது, கூச்ச சுபாவம். அழுத்தினால் உருண்டு திரண்டுவிடும். வாஸ்லின் கால்களோடு, இலைத் துணுக்கு ஒன்றைப் பக்கத்தில் போட்டு, விளக்கைக் குறைத்து விட்டுவிடுங்கள். தானே ஒட்டிக்கொண்டு, எக்காள வடிவத்தில் விரியும். யூப்ளோட்டிஸ், ஸ்டைலோநிக்கியா போன்றவை அடிப்பக்கக் குறுஇழைக் கற்றைகளால் பரப்பின் மேல் நடப்பவை. அவற்றுக்கு மெல்லிய படலமே போதும், நடந்துகொண்டே அடிக்கடி நிற்கும்.

ரோட்டிஃபரை மீத்தைல் செல்லுலோஸில் விட்டால் பெரும்பாலும் சக்கரத்தை உள்ளிழுத்துக்கொண்டு சுருண்டு கிடக்கும். வாஸ்லின் கால்களில் மெல்ல அழுத்தி, தலையும் காலும் நீட்டிய நிலையில் நிறுத்துவதுதான் நல்ல வழி. அரைக்கும் தாடை இயங்குவதைக் கண்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். யூக்ளினாவுக்கு மீத்தைல் செல்லுலோஸ் அருமையாகப் பொருந்தும், அதன் சாட்டை போன்ற கசையிழை சுழல்வதே தெரியும். வால்வாக்ஸ் என்ற பச்சைப் பாசிக் கோளத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் அழுத்தாதீர்கள். 500 மைக்ரானையும் தாண்டி வளரக்கூடிய அந்தப் பந்து நசுங்கினால் உள்ளே இருக்கும் குட்டிக் கோளங்களும் வெளியேறிவிடும். குழி ஸ்லைடும் நீர்த்த மீத்தைல் செல்லுலோஸும் போதும்.

கேமரா பக்கம்

உயிரியை மெதுவாக்கியாயிற்று, மிச்சம் சுலபம். மொபைலில் ப்ரோ மோடுக்குப் போய் ஷட்டரை 1/125 நொடி அல்லது அதைவிட வேகமாக வைத்து, ஃபோகஸைப் பூட்டிவிட்டு, நுண்ணோக்கியின் திருகாலேயே ஃபோகஸ் செய்யுங்கள். நொடிக்கு 60 ஃபிரேம் 4கே வீடியோவாக எடுத்து, அதில் நல்ல ஃபிரேமைப் பிரித்துக்கொள்வது நல்ல உத்தி. ஒரு ஃபிரேம் 8 மெகாபிக்ஸல் இருக்கும், இணையத்துக்குத் தாராளம்.

வேக ஷட்டரில் படத்தில் கறுப்புப் பட்டைகள் வந்தால், எல்இடி விளக்கைக் குறைத்து வைத்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம். அது கண்ணுக்குத் தெரியாமல் அணைந்து அணைந்து எரிகிறது. விளக்கை முழுசாக ஏற்றி, மேலே சாம்பல் நிற ஃபில்டர் வைத்து ஒளியைக் குறையுங்கள். டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராவில் ஷட்டரின் முதல் திரையை மட்டும் எலக்ட்ரானிக் ஆக்கினால் ஷட்டர் அதிர்வு போய்விடும். முழு எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை வரி வரியாகப் படிப்பதால், ஓடும் உயிரி அதில் சாய்ந்து தெரியும். குறுஇழைகளை உறையவைத்துப் பிடிக்க ஆசை இருந்தால் கேமரா ஃபிளாஷை நுண்ணோக்கியின் கீழே பொருத்தி, அதன் சக்தியைக் குறைத்து வையுங்கள். குறைந்த சக்தியில் ஃபிளாஷின் ஒளி 1/10000 நொடிக்கும் குறைவாகவே நீடிக்கும்.

கழுவி வைப்பது

மீத்தைல் செல்லுலோஸ் பட்ட ஸ்லைடை வெந்நீரில் கழுவக் கூடாது. சூட்டில் அது கரையாமல் வெள்ளைக் கூழாகி ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டால் தானே கரைந்துவிடும். லென்ஸின் முனையில் பட்டுக் காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாத படலமாக நின்று, அடுத்த படங்களையெல்லாம் மங்கலாக்கும். குளிர்ந்த நீர் தொட்ட லென்ஸ் டிஷ்யூவால் ஒற்றி, பிறகு உலர்ந்ததால் துடையுங்கள். வாஸ்லின் மட்டும் நீரில் போகாது, பாத்திரம் கழுவும் திரவம் போட்டுத் தேய்த்து, சோப்பு சுத்தமாகப் போகும்வரை அலச வேண்டும். சோப்பு கொஞ்சம் மிஞ்சினாலும் அடுத்த சொட்டில் உள்ளவற்றை அது கொன்றுவிடும்.